நூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்

ஆராய்ச்சிக் கட்டுரையின் இறுதியில் நிற்கும் துணைநூற் பட்டியல், எழுதியவர் எத்துணை நூல்களைக் கற்றார் என்று காட்டுதற்கு அமைந்ததன்று. அவர் கூறியது மெய்தானா என்பதைப் படிப்போர் தாமே நூலை எடுத்து நோக்குதற்கு அமைந்த வழியாகும். வழி தவறின் சான்றும் பயனின்றிப் போகும்.

மேனாட்டு முறையில் ஆசிரியரின் குடும்பப் பெயர் முதலிலும் ஏனைய பெயர் அதன் பின்னும் நிற்கும். தொடர்ந்து ஆண்டு, நூற்பெயர், பதிப்பகம் ஆகியன வரும். இம்முறையைத் தமிழ்ப் பெயர்களுக்கு அவ்வாறே ஏற்றுங்கால் இடர் நேர்கின்றது. தமிழர் பலர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. முன்னிற்கும் தலைப்பெழுத்து ஊரையோ தந்தையையோ சுட்டும். உ. வே. சாமிநாதையர் என்பதில் 'உ' என்பது உத்தமதானபுரம் என்னும் ஊர். 'வே' என்பது தந்தையார் வேங்கடசுப்பையர். ஆகவே 'சாமிநாதையர், உ. வே.' எனச் சகர வரிசையில் வைத்தலே முறை.

தலைப்பெழுத்தைக் கொண்டு அடுக்கினால் விளையும் குழப்பத்திற்கு வையாபுரிப்பிள்ளையின் பெயரே தக்க சான்று. அது சில நூல்களில் 'எஸ்.' என்றும், சிலவற்றில் 'ச.' என்றும் தொடங்கும். ஒருவரே இருவராகி எகரத்திலும் சகரத்திலும் பிரிந்து நிற்பார். வகர வரிசையில் வைத்தால் அவர்தம் நூல்கள் யாவும் ஓரிடத்தில் சேரும்.

மலேசியா, சிங்கப்பூர் மாணவர்க்கு இவ்விழிப்பு இன்னும் வேண்டும். 'த/பெ' என்பதன் பின் வருவது தந்தை பெயராதலின் அதனை முன்னிறுத்தலாகாது. மலாய்ப் பெயரில் 'பின்' என்பதும் அத்தகையதே; அப்துல்லா பின் அப்துல் காதிர் எழுதிய நூலை 'அப்துல்லா' என்றே தேடல் வேண்டும். சீனர்க்கோ குடும்பப் பெயர் இயல்பாகவே முதலில் நிற்கின்றது. லிம் பூன் கெங் என்பதில் 'லிம்' குடும்பப் பெயர். அதனை மாற்றியமைக்க வேண்டுவதில்லை.

பழைய இலக்கியங்களுக்குப் பெயர் மட்டும் போதாது. 'தொல்காப்பியம், பொருளதிகாரம்' என்று எழுதி நிறுத்தினால், இளம்பூரணர் உரையா, நச்சினார்க்கினியர் உரையா, பேராசிரியர் உரையா என்பது விளங்காது. உரைக்கு உரை நூற்பா எண்ணும் சிலவிடத்து மாறும். ஆதலின் உரையாசிரியர், பதிப்பாசிரியர், பதிப்பாண்டு மூன்றையும் தருதல் இன்றியமையாதது. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றின் பக்க எண்ணைக் கொண்டு இன்றைய மலிவுப் பதிப்பில் பாட்டைத் தேட இயலாது. பாட்டெண்ணைத் தந்தால் எப்பதிப்பிலும் காணலாம்.

இறுதியாக, பட்டியலைத் தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்குக. உயிர் முதலிலும், ககரம் தொடங்கி னகரம் வரை அடுத்தும், ஜ, ஷ, ஸ, ஹ ஆகியன அவற்றின் பின்னும் நிற்கும். முடித்தபின், பட்டியலை மட்டும் கையிற்கொண்டு ஒரு நண்பரை நூலகத்திற்கு அனுப்புக. அவர் நூலோடு திரும்பினால் பட்டியல் செம்மையானதே.