பத்துச் சல்லடையும் ஒரு ஜிபி நினைவகமும்

தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளியாளியின் மூச்சோடு நின்றுவிடுவார்கள். கரையில் நடந்த வேலையும் லேசானதல்ல. மன்னார் வளைகுடா வணிகர்கள் முத்தை அளவுவாரியாகப் பிரிக்கப் ‘பெட்டி’ எனப்படும் பித்தளைச் சல்லடைகள் பத்து வைத்திருந்தார்கள். முதல் பெட்டிக்கு 20 துளை. பிறகு 30, 50, 80 என்று ஏறிக் கடைசிப் பெட்டிக்கு 1000. துளை பெருகப் பெருக அதன் வாய் சிறுக்கும். நிறத்துக்கும் உருட்சிக்கும் கண்தான் வேண்டும். அளவுக்கு, எந்தப் பெட்டியில் எத்தனை நின்றது என்ற கணக்கே போதும்.

இதே பெட்டிக் கணக்கு கணினியிலும் உதவும். இணையதளங்களின் தாங்குதிறனைச் சோதிக்கும் ஜேமீட்டர் மென்பொருள், 1998-இல் ஸ்டெஃபானோ மஸ்ஸோக்கி தொடங்கியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது முடிவுக் கோப்பில் ஒரு வரி எழுதும். விநாடிக்கு ஆயிரம் கோரிக்கை என்றால் ஒரு மணி நேரத்தில் 36 லட்சம் வரிகள். வரிக்கு 100 பைட் வைத்தாலும் கோப்பு 360 எம்பிதான்; ஜேமீட்டருக்கு இயல்பாகக் கிடைக்கும் நினைவகமோ 1 ஜிபி. பிறகு ஏன் முடிவுகளை அலசும்போது நினைவகத்துக்கு மூச்சு முட்டுகிறது?

கோப்பில் ‘245’ என்பது மூன்று பைட். அதையே ஜாவாவில் எழுத்துச் சரமாக வைத்தால் சுமார் 48 பைட் பிடிக்கும். வரிக்கு 17 புலங்கள். எல்லாவற்றையும் அப்படியே ஏற்றினால் 3 ஜிபிக்கு அருகில் போகும். சராசரிக்கு இதெல்லாம் வேண்டாம், கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் போதும். நூற்றில் தொண்ணூறு கோரிக்கைகள் எத்தனை மில்லிவிநாடிக்குள் முடிந்தன என்று கேட்டால்தான், நேரங்களை வரிசைப்படுத்த எல்லாவற்றையும் பிடித்து வைக்கத் தோன்றுகிறது. நினைவகத்தைக் கூட்டுவதுதான் பலரும் முதலில் செய்வது. அடுத்த பெரிய கோப்பு வரை அது தாங்கும்.

ஜேமீட்டரின் தொகுப்பு அறிக்கை ஒரே நேர மதிப்புள்ளவற்றைச் சேர்த்து, எத்தனை முறை வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆனால் பதில் வரப் பல விநாடிகள் ஆனால் ஒரே மதிப்பு மறுபடி வரும் வாய்ப்பு குறைகிறது. பட்டியல் மீண்டும் வீங்கும். கில் டெனே உருவாக்கிய எச்டிஆர் ஹிஸ்டோகிராம் நேரத்தைப் பெட்டிகளாகவே பிரித்துவிடுகிறது. சிறிய நேரங்களுக்குக் குறுகிய பெட்டி, பெரியவற்றுக்கு அகலமானது. எத்தனை கோடி வரிகள் வந்தாலும் நினைவகம் கூடாது.

எந்தக் கோரிக்கை, எப்போது தாமதித்தது என்பது இந்தப் பெட்டிக் கணக்கில் மறைந்துவிடும். அதற்காக மூலக் கோப்பை வட்டில் வைத்து, தேவைப்படும்போது வரிவரியாகப் படித்தால் போதும். ஐந்து கணினிகளில் சோதனை ஓடினால் பெட்டிவாரியான எண்ணிக்கைகளைக் கூட்டி, பிறகு நூற்றில் தொண்ணூறு முடிந்த நேரத்தைத் தேடலாம். ஐந்து கணினிகளின் தனித்தனித் தொண்ணூறு நேரங்களுக்குச் சராசரி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது.