மூடி எங்க சார்?

நான் பி.காம். நஷ்டத்தை எந்தத் தலைப்பின் கீழே போட்டால் கண்ணை உறுத்தாது என்பது கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்து செப்டிக் டேங்கையும் மறைத்தேன்.

தோட்டம் என்றதும் பெரிதாகக் கற்பனை வேண்டாம். எங்க ஊர் பழைய வீடுகள் பட்டுப்புடவை மாதிரி. அகலம் குறைச்சல், நீளம் ஜாஸ்தி. திண்ணை, கூடம், சமையலறை எல்லாம் தாண்டிப் போனால் கடைசியில் முந்தானை போல கொஞ்சம் மண் தரை. அங்கே ஒரு செம்பருத்தி, அத்தையின் ரோஜாச் செடிகள் மூன்று, துணி துவைக்கிற கல். கல்லை ஒட்டி டேங்க் மூடி. பாசி பிடித்த சிமென்ட் பலகை, துருப்பிடித்த இரண்டு வளையம். பக்கத்திலேயே ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக ஒரு காற்றுக் குழாய்.

தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனால் முதலில் இதுதான் கண்ணில் படும். விடுவேனா? மூடி மேல் அரையடி மண் கொட்டிப் புல் பதித்தேன். குழாயை முழங்கால் உயரத்துக்கு அறுத்து, மேலே பூந்தொட்டியைக் கவிழ்த்தேன். ஊட்டி தோற்றது! மாப்பிள்ளையின் அப்பா அந்தப் புல்லின் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார். கல்யாணமும் நடந்தது.

நாலு வருஷம் கழித்து, தங்கை பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை காலை. டாய்லெட்டில் ஊற்றிய தண்ணீர் 'களக்... களக்' என்று திரும்பி வந்தது. போன் போட்டு லாரியை வரவழைத்தோம். டிரைவர் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து நின்று கேட்டார்.

''மூடி எங்க சார்?''

''துவைக்கிற கல்லை ஒட்டி'' என்றேன் கம்பீரமாக. தோண்டினோம். இல்லை. நாலு இடத்தில் தோண்டினோம். ரோஜா மூன்றும் காலி. ''புதையல் இருக்குன்னு யாராவது சொன்னாங்களாடா?'' என்றாள் அத்தை. அப்புறம்தான் ஞாபகம் வந்து, ''வாஷிங் மெஷின் வந்தப்புறம் அந்தக் கல்லை நான்தானே சுவரோரமா நகர்த்தச் சொன்னேன்'' என்றாள். இதை முதல் ரோஜாவுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

மூடி திறந்தது. அடியில் இறுகிக் கிடந்ததை ஹோஸ் இழுக்கவில்லை. டிரைவரோடு இருபது வயசுப் பையன் ஒருவன் வந்திருந்தான். ஒல்லி. நான் வாயைத் திறந்தேன். ''தம்பி லேசா உள்ளே இறங்கிக் கிளறி விட்டா...''

டிரைவர் நிதானமாகத் திரும்பினார். ''நீங்க இறங்குறீங்களா சார்?''

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்துக் கரைத்து இழுத்தார். ரெண்டு மணி நேரம் ஆனது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

டேங்க்குக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். இரண்டாவது பயல் முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பான். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். ஆபத்தே அப்போதுதான். இறங்கினவன் மயங்குவான், காப்பாற்றக் குதித்தவனும் மயங்குவான். 2022 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று பேர் போனார்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் 2013-ம் வருஷச் சட்டப்படி இறக்கினவருக்கு ரெண்டு வருஷம் வரை சிறை. வீட்டுக்காரர்தானே என்று சட்டம் விடாது. அழகுக்காக நான் அறுத்த குழாய், அந்த வாயு வெளியே போக இருந்த வழி!

ஜப்பான்காரன் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். 1980-களிலிருந்தே தெருச் சாக்கடை மூடிகளில் அந்தந்த ஊர்க் கோட்டை, பூ, மீன் என்று அச்சு வார்த்து வண்ணம் தீட்டி வைக்கிறான். 2016-லிருந்து மூடிப் படம் போட்ட சீட்டுகளும் தருகிறார்கள். அதைச் சேர்க்கவே ஊர் ஊராக அலைகிறவர்கள் உண்டு. மறைக்கவில்லை, மினுக்கி விட்டான்.

நாங்களும் அதையே செய்தோம். மண்ணையும் புல்லையும் அள்ளினோம். மூடியைத் தேய்த்துக் கழுவிக் காவி பூசினோம். மேலே நாலு சின்னத் தொட்டியில் டேபிள் ரோஸ். மண்ணுக்குப் பதில் பாதி தேங்காய் நார்க்கழிவு, ஒரு கையால் தூக்கலாம். (பெரிய சிமென்ட் தொட்டி வைக்காதீர்கள், ஈர மண்ணின் கனத்தில் பலகை விரிசல் விடும்.) முருங்கை, வேம்பு எல்லாம் தள்ளியே இருக்கட்டும். ஈரம் தேடி வேர் உள்ளே வந்துவிடும். குழாயை மறுபடி மாடிக்கு மேலே உயர்த்தி, நுனியில் கொசுவலை கட்டி, உடம்பில் மல்லிகையை ஏற்றிவிட்டேன். வாய் மட்டும் திறந்தே இருக்கிறது. மூடி எத்தனை அடியில் என்று கொல்லைச் சுவரில் பெயின்ட்டால் எழுதியாயிற்று. கல் நகரும், சுவர் நகராது.

துளசி மாடத்தை அதன் மேல் வைக்கலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். அத்தை பார்த்த பார்வையில் வாபஸ்.

மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்துவிட வேண்டும், பொங்கி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அரசாங்கத்தின் 14420 எண்ணில் கூப்பிடலாம். லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்றால் சரி. எங்க ஊர் மஞ்சள்நீர்க் கால்வாய் பல வருஷம் ஊர்க் கழிவைச் சுமந்து நத்தப்பேட்டை ஏரியில் சேர்த்த கதையே போதும்.

போன தடவை அதே டிரைவர்தான் வந்தார். நாலு தொட்டியையும் அவரே நகர்த்தினார். ரெண்டு நிமிஷம். மூடியில் அத்தை காலையில் போட்டிருந்த எட்டுப் புள்ளிக் கோலம். வளையத்தில் கம்பியை மாட்டப் போனவர் ஒரு நொடி நின்றார்.

''அழியுமே சார், பரவாயில்லையா?''