வீட்டுக்குப் போனது யார்?

ஆங்கில வாசகப் புத்தகத்தைக் கையில் ஏந்தி, மூச்சு விடாமல் ஒரு பக்கத்தை வாசித்து முடிக்கும் குழந்தையைக் கண்டு பூரிக்காத பெற்றோர் நம் நாட்டில் அபூர்வம். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் முதலில் காபி. அடுத்தபடியாகக் குழந்தையின் இங்கிலீஷ்! "என்ன அழகாகப் படிக்கிறான்!" என்று அவர்களும் மெச்சிவிட்டுப் போவார்கள். "நீ படித்ததில் என்ன சொல்லியிருக்கிறது, தம்பி?" என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பதுகூடச் சந்தேகமே. கேட்க வேண்டிய கேள்வியோ அது ஒன்றுதான்.

ஆடு வீடு திரும்பிய விந்தை

மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள தல்லாகுளத்தில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள மாணாக்கர்களுக்கு ஆங்கிலம் போதிப்பது நமது தொழில். 'தி பாய் ஹூ ஸோல்ட் தி கோட் வென்ட் ஹோம்' என்ற சிறு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினால், வகுப்பு முழுவதும் பிழையின்றி வாசிக்கும். 'ஆட்டை விற்ற பையன் வீட்டுக்குப் போனான்' என்பது அதன் பொருள். எல்லாம் பழகிய சொற்கள்தாம். ஆயினும், "வீட்டுக்குப் போனது யார்?" என்று கேட்டவுடன், "ஆடு, ஸார்!" என்று பல குரல்கள் ஒருமித்து எழும். விற்ற ஆடு தானே வீடு திரும்புமானால் ஆட்டு வியாபாரிகளுக்கு அதைவிட அனுகூலம் வேறு என்ன இருக்கிறது?

பிள்ளைகளைக் கோபிப்பதில் பயனில்லை. தமிழில் 'ஆட்டை விற்ற' என்னும் அடை பையனுக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் அதே அடை பையனுக்குப் பின்னால் வருகிறது. ஆகவே, பையனுக்கும் 'போனான்' என்ற வினைக்கும் நடுவே ஆடு புகுந்துகொள்கிறது. தமிழ் ஆட்டுக்கு 'ஐ' என்ற உருபு அடையாளமாக இருக்கிறது. ஆங்கில ஆட்டுக்கு அதுவும் கிடையாது. நிற்கும் இடத்தைக் கொண்டுதான் அதன் வேலையை அறிய வேண்டும். சீன பாஷையிலும் இத்தகைய அடை பெயருக்கு முன்னாலேயே வருகிறது. 2001-ஆம் வருஷத்துத் திட்டத்தின்படி மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் பயிலத் தொடங்கிய சீனச் சிறுவர்களும் இந்த ஆட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. இரண்டு பாஷைகளின் வாக்கியங்களையும் அருகருகே எழுதி வேற்றுமையைக் காட்டினால் சில நாட்களில் குழந்தைக்கு விளங்கிவிடும். காட்டாமல் விட்டால் பத்தாம் வகுப்பு வரையில் ஆடு வீட்டுக்குப் போய்க்கொண்டேயிருக்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 'ஃபோட்டோஸிந்தஸிஸ்' போன்ற நீண்ட சொல்லுக்குப் பொருள் சொல்லும் பிள்ளை, 'அன்லெஸ்', 'அன்டில்', 'எக்ஸெப்ட்' என்னும் சின்னஞ்சிறு சொற்களில் தடுக்கி விழுகிறது. வைத்தியர் சொன்னாலன்றி இந்த மருந்தை உட்கொள்ளாதே என்று மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும். 'அன்லெஸ்' என்பதை விட்டுவிட்டு வாசித்தால் எச்சரிக்கையே தலைகீழாகிவிடும். பெரிய சொற்களை அகராதியில் தேடிக் கொள்ளலாம். சிறிய சொற்களை உபாத்தியாயர்தான் பழக்கிவைக்க வேண்டும்.

அர்த்தமில்லாமல் நூற்றுக்கு நூறு

இவ்வளவு குறையிருந்தும் பரீட்சையில் மார்க்கு எப்படி வருகிறது என்று நேயர்கள் கேட்கலாம். அதன் ரகசியத்தை ஒரு தமிழ் உதாரணத்தால் விளக்குவோம். 'சடுகன் ஒரு பிலத்தியை மெல்ல நெமிட்டினான்.' இதற்கு அர்த்தம் தேட வேண்டாம், அர்த்தமே கிடையாது. இப்போது கேள்விகள்: பிலத்தியை நெமிட்டியவன் யார்? சடுகன். சடுகன் எதை நெமிட்டினான்? பிலத்தியை. எப்படி நெமிட்டினான்? மெல்ல. மூன்று கேள்விகளுக்கும் மூன்று மார்க்கு! சடுகன் மனிதனா பூதமா, பிலத்தி தின்பண்டமா பாத்திரமா என்று யாருக்கும் தெரியாது.

நம்முடைய வினாத்தாள்களில் ஆங்கிலப் பகுதியைக் கொடுத்துக் கேட்கப்படும் கேள்விகளில் பல இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. கேள்வியிலுள்ள சொல் பகுதியில் எந்த வரியில் இருக்கிறதென்று கண்டுபிடித்து, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் போதும். கண்ணுக்கு வேலை உண்டு. கருத்துக்கு வேலை இல்லை.

இதன் விளைவு சிறிதன்று. ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த குழந்தையை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். அன்று முதல் விஞ்ஞானமும் சரித்திரமும் கணக்கும் ஆங்கில வாக்கியங்களாகவே வந்து நிற்கின்றன. கணக்குத் தெரிந்த பிள்ளையும், கேள்வி விளங்காத காரணத்தால் கணக்குத் தெரியாதவன் என்று பெயர் வாங்குகிறான். ஓர் ஆண்டு இரண்டு ஆண்டு கழிந்ததும், தனக்கு மூளை இல்லை என்று அவனே நம்பத் தொடங்கிவிடுகிறான். நாம் அஞ்சுவது இதற்குத்தான்.

2023-ஆம் ஆண்டில் 'அஸர்' என்னும் கல்வி ஆய்வினர், 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 ஜில்லாக்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தார்கள். எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 57 பேர். அவ்விதம் வாசித்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பொருள் சொல்ல முடியவில்லை. வாய்க்கு எட்டியது கருத்துக்கு எட்டவில்லை!

ரயிலில் படித்த புத்தகம்

தல்லாகுளத்தை அடுத்த தமுக்கத்தில், ராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959-ல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. மகாத்மா பள்ளிச் சிறுவராக இருந்தபோது, நான்காம் வகுப்பிலிருந்து பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டதால் திகைத்து நின்றதைத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அதே காந்தியடிகள் 1904-ல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில், நண்பர் போலக் கொடுத்த ரஸ்கினின் ஆங்கிலப் புத்தகத்தைக் கீழே வைக்க மனமின்றிப் படித்தார். படித்ததன் பயனாகப் பீனிக்ஸ் குடியிருப்பு எழுந்தது. 1908-ல் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் 'ஸர்வோதயம்' என்ற பெயரால் வெளியிட்டார். படித்ததைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்ல முடிந்தது. சொன்னபடி நடக்கவும் முடிந்தது. படித்தல் என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் நாம் அறிந்தவரையில் இல்லை.

நம் தேசத்திலேயே இவ்விஷயத்தை ஆராய்ந்தவர்களும் உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளச் சிறுவர்களைக் குறித்து 1926-ல் ஒரு நூல் வெளியிட்டார். இன்ஷூரன்ஸ் பாலிஸியை நடுவில் நிறுத்தினால் கைக்கு ஏதாவது பணம் திரும்ப வர வேண்டுமல்லவா? அதுபோல, படிப்பை நடுவில் நிறுத்தும் பிள்ளைக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும். அப்படி மிஞ்சக்கூடியது படித்துப் பொருள் உணரும் திறமையே என்பது அவர் வாதம். புதுச் சொற்களை ஒரே பக்கத்தில் கொட்டாமல் பரவலாகத் தூவிய வாசகப் புத்தகங்களையும் அவர் எழுதினார்.

பின்னர் 1979 முதல் 1984 வரை, என். எஸ். பிரபு என்னும் அறிஞர் பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில பள்ளிகளில் ஒரு புது முறையைச் சோதித்தார். ரயில் கால அட்டவணையையோ தேசப் படத்தையோ பிள்ளைகளிடம் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்தில் போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது போன்ற கேள்விகளைக் கேட்பது அம்முறை. இங்கே வரியைப் பெயர்த்தெழுதித் தப்ப முடியாது. யோசித்தே தீர வேண்டும். கேள்விகள் எவ்வளவு கடினமாக இருக்கலாம்? வகுப்பில் பாதிப் பேராவது அவற்றில் பாதியையாவது சரியாகச் செய்யக்கூடிய அளவு என்று அவர் ஒரு வரம்பும் வகுத்தார்.

வீட்டில் செய்யத்தக்கது

இதற்காகப் பெற்றோர் ஆங்கிலத்தில் பண்டிதராக வேண்டியதில்லை. தினம் மாலையில் கால் மணி நேரம் போதும். குழந்தை ஒரு சிறு பகுதியை முதலில் மௌனமாகப் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, மூன்றே கேள்விகளைத் தமிழில் கேளுங்கள்: என்ன நடந்தது? ஏன் நடந்தது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? முதற் கேள்வி பொருளைச் சோதிக்கும். இரண்டாவது தொடர்பைச் சோதிக்கும். மூன்றாவதற்குப் புத்தகத்தில் விடையே கிடையாது. தாய்க்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் இன்னும் விசேஷம். தெரியாதவருக்கு விளங்கச் சொல்ல வேண்டுமானால், தனக்கு முதலில் விளங்கியிருக்க வேண்டுமே! பாங்கியிலிருந்து பாட்டியின் கைபேசிக்கு வரும் ஆங்கிலச் செய்தியையும் பேரனே படித்துச் சொல்லட்டும். "இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதே" என்று அதில் கண்டிருப்பதைச் சரியாகச் சொல்லிவிட்டானானால், பாட்டியின் பணத்துக்கும் அது காவல்.

புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. 2023 ஜூலை 15-ல் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பாடப் புத்தகத்தைவிட எளிய கதைகளை விடுமுறை நாட்களில் அங்கே படிக்கச் செய்யலாம். ஒரு பக்கத்தில் தெரியாத சொற்கள் ஏராளமாக இருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

ஆங்கிலத்தை நாம் வெறுக்கவுமில்லை. அதன் முன் கைகட்டி நிற்கவும் விரும்பவில்லை. உலகத்தின் சரக்கை நம் வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி அது. வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்தது போதும். சரக்கு வீட்டில் இறங்கியதா என்று இனியேனும் பார்ப்போமாக.