கூட்டுக்கு இறகிடுதல்

'ஃபெதர் யுவர் நெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'உன் கூட்டுக்கு இறகிடு' என்றாகும். உயர்தர வகுப்பில் இதற்குப் பொருள் கேட்டால், "குடும்பத்த நல்லாப் பாத்துக்கிறது சேர்" என்றுதான் பதில் வரும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது; தொடரின் தோற்றம் அப்படி. ஆனால் பிறர் பணமோ பொது அலுவலோ கைக்கு வந்தவன் அதைக் கொண்டு தன்னை வளப்படுத்திக்கொள்வதையே ஆங்கிலேயர் பெரும்பாலும் இப்படிச் சொல்வர்.

பாவம், பறவைக்கு இதில் குற்றமேதுமில்லை. வடகடலோரத்து ஈடர் வாத்து தன் நெஞ்சுத் தூவியையே பிடுங்கிக் கூட்டில் பரப்புகிறது. மனிதன் பிடுங்குவது அடுத்தவன் தூவியை.

1553ஆம் ஆண்டு நத்தார் காலத்துக்கென இங்கிலாந்தில் எழுதப்பட்ட 'ரெஸ்பப்ளிக்கா' என்ற நாடகத்திலேயே இத்தொடர் வந்துவிடுகிறது. அதைச் சொல்லும் பாத்திரத்தின் பெயர் பேராசை. அந்நாடகத்தில் நாடு ஒரு விதவை. அவளுக்கு உதவ வருவதாகச் சொல்லிப் பேராசை தன் பெயரை 'அரசியல் மதிநுட்பம்' என்று மாற்றிக்கொள்கிறது. கூட வரும் அகந்தைக்கு 'அதிகாரம்', அடக்குமுறைக்கு 'சீர்திருத்தம்', முகஸ்துதிக்கு 'நேர்மை' என்று பெயர். இந்த நால்வரும் விதவையின் சொத்தைச் சுருட்டுகிறார்கள். 'மக்கள்' என்றொரு பாத்திரம் நாட்டுப்புறப் பேச்சில் முறையிட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசியில், கடற்பஞ்சைப் பிழிவதுபோலப் பேராசையைப் பிழிந்து, எடுத்ததைத் திரும்பப் பெறும்படி தீர்ப்பாகிறது.

பெயர் மாற்றும் அந்தத் தந்திரம் நமக்கும் புதிதல்ல. லஞ்சத்தை நம்மட பக்கம் 'சந்தோசம்' என்கிறோம். கொடுப்பவன் முகத்தில்தான் அதைக் காணோம்!

இத்தொடருக்கு ஈடாக, 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்ற பழமொழியைச் சிலர் எழுதுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பழமொழி நக்கியவனுக்காக வக்காலத்து வாங்குகிறது. எல்லாரும் செய்வதுதானே என்று தோளில் தட்டுகிறது. ஆங்கிலத் தொடரோ குற்றஞ்சாட்டுகிறது. 'பையை நிரப்புதல்' ஓரளவு பொருந்தும். ஆனால் உழைத்தும் பையை நிரப்பலாமே.

ஆகவே வகுப்பில் நான் 'அமானிதத்தில் கைவைத்து வீடு நிரப்புதல்' என்றே எழுதிப்போடுகிறேன். நீளந்தான். இறகும் கூடும் போய்விடுகின்றன. ஆனாலும் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை; அமானிதம் என்பது அவர்கள் உம்மாவின் வாயால் கேட்டு வளர்ந்த சொல்.