ஓட்டுப் போடுவதில் தர்மபுரி நம்பர் 1... கல்லூரிக்குள் மட்டும் ஏன் ஓட்டுப்பெட்டி இல்லை?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு நடந்த தொகுதி தர்மபுரி. 81.20 சதவிகிதம். மத்திய சென்னை 54 சதவிகிதத்தைத் தொடவே திணறியது. அதற்கு முன்பு, 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது இதே மாவட்டத்தின் பாலக்கோடு தொகுதி. அங்கே 87.33 சதவிகிதம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள்கூட பஸ் பிடித்து வந்து, விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பிப் போகிற மாவட்டம் இது.

அப்படி வரிசையில் நின்று முதல் ஓட்டுப் போட்ட ஒரு கல்லூரி மாணவியிடம், "உங்க காலேஜ் சேர்மன் தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் என்று ஒன்று நடப்பதே இல்லை. நான் படித்த கல்லூரியிலும் அப்படித்தான். முதல் நாள் வகுப்புக்கு வந்த ஆசிரியர் முன் பெஞ்சைப் பார்த்துக் கைகாட்டினார். அவர்தான் மூன்று வருடமும் எங்கள் ரெப்!

ஆனால், மாணவர் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று வரிவரியாக விதிகள் இருக்கின்றன. அதுவும் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட விதிகள்.

கதை கேரளாவில் தொடங்குகிறது. கல்லூரிகளில் தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்று கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் இடையே எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2006 மே மாதம் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி, நாடு முழுவதும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

யார் நிற்கலாம்?

இளநிலை மாணவர் என்றால் 17 முதல் 22 வயது வரை. முதுநிலைக்கு 24-25, ஆய்வு மாணவருக்கு 28. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அஞ்சல் வழியில் படிப்பவர் நிற்க முடியாது. குறைந்தது 75 சதவிகித வருகைப்பதிவு வேண்டும். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது (இந்த ஒரு வரியிலேயே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்!). கிரிமினல் வழக்கு விசாரணையைச் சந்தித்தவருக்கும், கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவருக்கும் இடமில்லை. வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நாடாளுமன்றத்துக்கே போட்டியிட முடிகிற நாட்டில், இது கொஞ்சம் கறாரான விதிதான்.

செலவு விஷயத்தில் இன்னும் கறார். நாடாளுமன்ற வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். மாணவ வேட்பாளருக்கு வெறும் 5,000. கட்சிப் பணம் கூடாது. மாணவர்கள் விருப்பப்பட்டுக் கொடுக்கும் நன்கொடை மட்டும்தான். அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ் எதுவும் கூடாது. கையால் எழுதிய போஸ்டரை, நிர்வாகம் காட்டும் இடத்தில் மட்டும் ஒட்டலாம். ஒலிபெருக்கி, வாகன ஊர்வலம் கிடையாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். அதை இரண்டே நாளில் எல்லோரும் பார்க்கும்படி கல்லூரி வெளியிட வேண்டும்.

ஒருவர் நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். வகுப்புகள் தொடங்கிய 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல். வேட்புமனு முதல் முடிவு வரை 10 நாளில் முடித்துவிட வேண்டும்.

விதி இருந்தால் மீறலும் இருக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2024 செப்டம்பர் 27 அன்று ஓட்டுப்பதிவு முடிந்தது. ஆனால், வேட்பாளர்கள் நகரச் சுவர்களையெல்லாம் போஸ்டரால் நாசம் செய்திருந்ததைப் பார்த்த உயர் நீதிமன்றம், 'சுத்தம் செய்த பிறகுதான் எண்ணிக்கை' என்று நிறுத்திவைத்தது. நவம்பர் 25-ல்தான் முடிவு வெளியானது. ஜே.என்.யூ-வில் நேர்மாறான சிக்கல். மாணவர்களே தேர்தல் ஆணையம் அமைத்து அமைதியாக நடத்திவந்த தேர்தல், லிங்டோ விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று 2008-ல் தடைபட்டது. சில தளர்வுகளுக்குப் பிறகு 2012-ல்தான் அங்கே மறுபடி ஓட்டுப்பெட்டி வந்தது. வாட்ஸ்அப்பும் ரீல்ஸும் இல்லாத காலத்தில் எழுதிய விதிகள் இவை என்பதையும் சொல்லியாக வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போகாமலேயே இன்று ஒருவர் பெயரைக் கெடுத்துவிட முடியும்.

பயம் நியாயமானதுதான், ஆனால்...

தேர்தல் என்றால் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஏன் உதறல்? அடிதடி ஒரு காரணம். தர்மபுரியில் அதைவிடப் பெரிய காரணம் சாதி. 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. வகுப்பறைக்குள் ஓட்டு வந்தால், ஊரில் இருக்கும் கோடு பெஞ்சிலும் விழுந்துவிடுமோ என்று ஒரு முதல்வர் யோசித்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

லிங்டோ குழுவும் இதை யோசித்திருக்கிறது. சாதி, மத உணர்வைத் தூண்டி ஓட்டுக் கேட்பது விதிமீறல். புகாரை விசாரிக்க ஒரு குறைதீர் குழு இருக்க வேண்டும். அதில் பேராசிரியர், அலுவலர்களோடு இறுதியாண்டு மாணவர் ஒருவரும் மாணவி ஒருவரும் இடம்பெற வேண்டும். முடிவு வந்த மூன்று வாரத்துக்குள் யாரும் புகார் கொடுக்கலாம். பெரியார் பல்கலைக்கழகம்போல சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எனப் பரந்து கிடக்கும் இடங்களுக்கென்று தனி வழியும் உண்டு. அதன்படி வகுப்புவாரியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கூடி நிர்வாகிகளைத் தேர்வு செய்யலாம். கல்லூரி முழுக்கப் பிரசாரம் தேவைப்படாது. 60 பேர் வகுப்புக்குள்ளேயே முடிந்துவிடும்.

சூழல் சரியில்லாத கல்லூரிகளில் நியமனமுறையே தொடரலாம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. அதைத்தான் பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். அதே பக்கங்களில் இருக்கும் அடுத்த வரியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. நியமனத்தில் பல குறைகள் உண்டு, அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே, ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களும் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்பது அந்த வரி. 2006-ல் இருந்து எண்ணினால் அந்தக் கெடு 2011-லேயே முடிந்துவிட்டது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினம். கல்லூரிகளில் கோலப்போட்டி நடக்கும், பேரணி போகும், வலது கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். அந்த உறுதிமொழியை முன்னால் நின்று வாசிக்கும் மாணவர் தலைவர், அநேகமாக நியமிக்கப்பட்டவராகத்தான் இருப்பார்.