ரீல்ஸ் ஓய்ந்த பிறகு பிளவக்கல்: ஐப்பசி, கார்த்திகையில் போகலாமா?

2025 ஜூன் கடைசியில் இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே கூமாபட்டிதான். விருதுநகர் மாவட்டத்தில் எங்கேயோ இருக்கும் ஊர், ஒரே வாரத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊராகிவிட்டது. வீடியோவைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பி வந்தவர்களுக்கு ஏமாற்றம். பிளவக்கல் அணைக்குள் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது அந்தக் கூட்டம் இல்லை. ஆனால் உண்மையில் மலை பச்சையாகி, ஓடையில் தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போ இப்ப கிளம்பலாமா? போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பார்க்கலாம்.

ஜூன்ல ஏன் தண்ணி இல்லை?

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலையில் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் கேரளா வாங்கிக்கொள்கிறது. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் எல்லாம் மலையின் கிழக்கு அடிவாரம். இந்தப் பகுதி பெரிதும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை.

பிளவக்கல் என்பது ஒரு அணை இல்லை, இரண்டு. சுமார் 47 அடி உயரப் பெரியாறு அணை, சுமார் 42 அடி உயரக் கோவிலாறு அணை. இந்தப் பெரியாறுக்கும் முல்லைப் பெரியாறுக்கும் சம்பந்தம் இல்லை. இது வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது. இங்கே தேங்கும் தண்ணீர்தான் வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களுக்குப் போகிறது. நமக்கு அது வியூ பாயின்ட். நாற்று நட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவருக்கு அது அந்த வருஷத்து நெல்.

இது தேசியப் பூங்காவா?

இல்லை. அணைக்கு மேலே இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும், தேனி மாவட்டத்தின் மேகமலை சரணாலயத்தையும் முக்கியமாகக் கொண்டு 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,016.57 சதுர கி.மீ. நாட்டின் 51-வது, தமிழ்நாட்டின் 5-வது புலிகள் காப்பகம். மேற்கே கேரளாவின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு ஒட்டியிருப்பதால் யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை கிடையாது.

சாம்பல் நிற அணில் நம்ம வீட்டு அணில் மாதிரி சின்னது இல்லை. கிட்டத்தட்ட பூனை அளவு, நீண்ட வால். இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. மரத்துக்கு மரம் தாவித்தான் போகும். கிளைகள் ஒன்றோடொன்று தொட்டிருந்தால்தான் பிழைக்கும். அதனால் ஓடைக்கரை மரங்கள்தான் அதற்கு வீடும் ரோடும். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு இதற்குப் பெயர் போன இடம்.

ஏன் கேட்டைப் பூட்டுறாங்க?

முதல் காரணம் சட்டம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் போக வெளியாட்களுக்கு அனுமதி வேண்டும். 'சும்மா ஓடை வரைக்கும்' போவதும் இதில் அடக்கம்.

இரண்டாவது காரணம் காட்டாறு. மலைச்சரிவு செங்குத்து, ஓடைகளின் நீளம் குறைவு. உச்சியில் கொட்டும் மழை சட்டென்று கீழே வந்துவிடும். நாம் நிற்கிற இடத்தில் வெயில்கூட அடிக்கலாம். 2015 மே மாதம், பக்கத்துச் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அது கோடை மழை. பருவமழைக் காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். கனமழை எச்சரிக்கை வந்தால் சதுரகிரிக்கு மலையேறத் தடை போடுவது இதனால்தான்.

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா? சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா? மேலே இருந்து இரைச்சல் கேட்கிறதா? செல்ஃபி எல்லாம் அப்புறம். உடனே மேட்டுக்கு ஏறுங்க. அக்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதே புத்தி. முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்குவதுதான் பல விபத்துகளின் ஆரம்பம்.

அப்போ போகவே கூடாதா?

போகலாம், எதிர்பார்ப்பை மாத்திக்கிட்டு. கிளம்பும் முன் வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்க. அணை, செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆறு என எங்கே போவதாக இருந்தாலும், அன்றைக்கு அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்க. நேற்று திறந்திருந்தது இன்று மூடியிருக்கலாம்.

கேட் மூடியிருந்தாலும் பயணம் வீண் இல்லை. கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பு ரோட்டில் வந்தால், மழை விட்ட காலையில் மேகம் மலையின் இடுப்பில் நிற்கும். கீழே பச்சை வயல், நிரம்பிய கண்மாய், வரப்பில் கொக்கு. இதற்கு டிக்கெட்டும் இல்லை, அனுமதியும் தேவையில்லை. ரோட்டோரக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைப் பார்த்து, பால்கோவா வாங்கித் திரும்பலாம். கூட்டம் இல்லாத மாதத்தில் நீங்கள் வாங்கும் அந்த ஒரு டீ கடைக்காரருக்குப் பெரிசு.

பிளாஸ்டிக் பையை மட்டும் ஓடையில் போட்டுவிடாதீங்க. அது ஷட்டரில் சிக்கலாம், தப்பினால் யாரோ ஒருவருடைய வயலில் போய் நிற்கும்.