பற்றைக்குள் ஒரு வளவு

வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தம்பி, பெக்கோ எப்ப வரும்?" என்றுதான். மருதனார்மடம் சந்தியில், சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடையில் வைத்தே கேட்டுவிடுவார்கள். மூன்று கிழமை விடுமுறையில் லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ வந்திருப்பார்கள். அதற்குள் காணி வெளித்து, நாட்கல் வைத்து, மேசனிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏற வேண்டும். அந்த அவசரம் எனக்கு விளங்கும். ஆனாலும் என் பதில் மாறாது. பெக்கோ என்கிற அந்த மண் வழிக்கும் இயந்திரம் கடைசியாக வரட்டும். பற்றைக்குள் முதலில் போக வேண்டியது கத்தி பிடித்த ஒரு மனிசன்.

காணி துப்புரவு செய்வதுதான் என் தொழில். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, சண்டை நெருங்க, வலிகாமம் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த சித்திரையில் திரும்பி வரத் தொடங்கியபோது நடுவில் போயிருந்தது ஒரேயொரு மாரிதான். அதற்குள் முற்றமெல்லாம் இடுப்பளவு பூண்டு, கிணற்றுக் கட்டை மூடிக் கொடி. பெடியனாக இருந்த நான் அயலட்டை வளவுகளைக் கூலிக்கு வெட்டத் தொடங்கியது அப்போதுதான்.

ஆறு மாதத்துக்கே அப்படியென்றால், வலிகாமம் வடக்கை நினைத்துப் பாருங்கள். 1990 ஆனியில் அங்கிருந்து வெளியேறிய சனம், மல்லாகம், சுன்னாகம், உடுவில் பக்கங்களில் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டது. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியபோது, அதே சனம்தான் நீதிமன்றம் போனது. பிறகு படையினரிடம் இருந்து காணி துண்டு துண்டாக விடுபட்டது. 2015இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர், 2017 ஆடி 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகம், 2018இல் சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் நாள் 683 ஏக்கர். மருதனார்மடத்தில் இருந்து காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் போகிற தூரம்தான். அங்கே போக எங்களுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

முள்ளுக்கம்பி திறந்த அன்றைக்கு உள்ளே போனவர்களுக்குத் தங்கள் ஒழுங்கையே தெரியவில்லை. வடலி அடைந்து, அதற்குள் நாயுண்ணி படர்ந்து, ஆட்டுக்கு நட்ட இப்பிலிப்பில் காடாகப் பெருத்து நின்றது. வெளித்த இடமெல்லாம் பார்த்தீனியம். 1987இல் இந்தியப் படையோடு வந்த பூண்டு அது என்று சொல்கிறார்கள். வெறுங்கையால் பிடுங்கினால் தோல் தடித்துச் சொறியும். பூக்க முதல், கையுறை போட்டு, வேரோடு எடுக்க வேண்டும். பூத்த பிறகு இழுத்தால் நாங்களே விதைத்த மாதிரித்தான்.

எல்லையைக் கண்டுபிடிக்கிற விதம் பலருக்குத் தெரியாது. எங்கள் வேலிகளுக்கு உயிர் உண்டு. கிளுவை, பூவரசு, வாதராணி என்று நட்ட கதியால் எல்லாம், வெட்டுவாரில்லாமல் போனால் மரமாகிவிடும். காடு தன்பாட்டுக்கு முளைக்கும், வரிசையாக முளைக்காது. ஆகவே பற்றைக்குள் நான்கு பூவரசு நேர்கோட்டில் நின்றால் அது யாரோ போட்ட வேலி. ஒருமுறை அப்படி நின்ற ஒரு பூவரசின் அடியைக் கத்தியால் மெல்லச் சீவிப் பார்த்தேன். தோலுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் பழைய முள்ளுக்கம்பி. மரம் அதை விழுங்கி மேலால் வளர்ந்திருந்தது. அந்தக் கம்பியை வைத்துத்தான் நில அளவையாளர் அளக்கத் தொடங்கினார், உறுதியில் இருந்த அளவும் பொருந்தியது. பெக்கோ முதலில் போயிருந்தால் அந்த வரிசை அரை மணித்தியாலத்தில் போயிருக்கும். பிறகு இரண்டு பக்கத்துக்காரரும் வருசக்கணக்காகக் கோட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

அடுத்தது கிணறு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விசயம்.

மயிலிட்டியில் ஐந்து பரப்பு வளவு ஒன்று. மல்லாகத்தில் இருந்து வயதான அம்மா ஒருவர் மகனோடு வந்திருந்தார்.

"கிணறு எங்கையம்மா?"

"வீட்டுக்குக் கிழக்காலை, மோனை."

"வீடு எங்கை?"

அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டை இடித்து நிரவியிருந்தார்கள். பெரிய வேம்பொன்றைக் காட்டி, "இது எங்கட காலத்தில இல்லை" என்றார். நான் அவரை ஒழுங்கைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், படலைத் தூண் இருந்த இடத்தில் நிறுத்தி, "வேலைக்குப் போயிட்டு வீட்டை வாற மாதிரி நடவுங்கோ" என்றேன். முன்னுக்கு வெட்டி வழி விட விட அவர் நடந்தார். ஓரிடத்தில் நின்று காலால் சருகை ஒதுக்கினார். கீழே சிவப்புப் பூச்சுப் போட்ட சீமெந்து நிலம், ஒரு பாய் அளவுக்கு. "இது விறாந்தை" என்றார்.

அதில் இருந்து கிழக்கே நான் மட்டும் போனேன். இடுப்பில் கயிறு. மறுநுனி வேம்பில் கட்டியபடி. கையில் நீட்டுத் தடி. ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் தடியால் குத்திப் பார்க்க வேண்டும். கல், மண், கல், கல் என்று கைக்குத் தெரிந்துகொண்டே வரும். திடீரென்று தடி ஒன்றிலும் முட்டாமல் உள்ளே போனது. கட்டு உடைந்து விழுந்து, பத்தடி அகலக் கிணற்று வாய் முழுவதும் நாயுண்ணிக் கொடி பின்னிக் கிடந்தது. பார்வைக்குச் சமதரை. ஆடு போனாலும் ஆள் போனாலும், ஏன், உழவு இயந்திரம் போனாலும் நேரே உள்ளேதான். வெளியில் இருந்து உள்ளாகக் கொடியை வெட்டி எடுத்து, அன்றைக்கே சுற்றிவரக் கதியால் நட்டுக் கயிறு கட்டினோம்.

கிணறு கண்டதும் துப்புரவாக்க உடனே உள்ளே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இறங்கவே கூடாது. போர் நடந்த இடத்துக் கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்துச் சொல்லும்வரை வாளியும் இறக்க வேண்டாம். அவர்கள் சரி என்ற பிறகும், மூடிக் கிடந்த கிணற்றில் நச்சுக் காற்று நிற்கும். தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தை உள்ளே இறக்கி ஓட விட்டால் அதன் புகையே ஆளைக் கொல்லும். இயந்திரம் மேலே நிற்கட்டும், குழாய் மட்டும் கீழே போகட்டும்.

நெருப்பு வைப்பதும் அப்படித்தான். ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் முடிகிற வேலையென்று நினைப்பார்கள். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் இங்கே கண்ணிவெடி அகற்றுகின்றன, இலங்கையும் 2017 மார்கழியில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. என்றாலும் வெடிக்காத ஒரு செல் மண்ணுக்குள் கிடந்தால் அதற்குச் சூடு போதும். துப்புரவான காணி என்று கடிதம் கிடைத்த பிறகுதான் நான் கத்தி எடுப்பேன். இரும்பாக ஏதும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும். சண்டை நடவாத காணியிலும் நெருப்பு நன்மை செய்யாது. நல்ல மரங்களின் வேர் வெந்துபோகும், இப்பிலிப்பில் கட்டையில் இருந்து மறுபடி துளிர்க்கும். அதைக் கட்டையோடு கிண்டத்தான் வேண்டும். வடலிக்கும் அதே கதை. ஓலையை வெட்டினால் சாகாது, குருத்து நிலத்துக்குள் இருக்கிறது. அலவாங்கு போட்டுக் குருத்தைக் குத்தி எடுத்தால் முடிந்தது. தை, மாசியில் மண் ஈரமாக இருக்கும்போது இந்த வேலை பாதிச் சுலபம்.

பாம்பைப் பற்றி ஒரு வரி. புடையனும் சுருட்டையும் சருகுக்குள் கிடக்கும், ஆகவே முழங்கால் வரைக்கும் சப்பாத்து. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை.

வளர்ந்த பனையைத் தொட முதல் அனுமதி எடுக்க வேண்டும். பனை, பலா, ஈரப்பலா தறிப்பதற்கு 1951இலேயே கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் முடியும், எங்கள் பக்கத்துக்கு உடுவில். அலைச்சல்தான், ஆனால் அந்த அலைச்சல் நல்லது என்றே நான் நினைக்கிறேன். கடதாசி வரும்வரைக்கும் மரம் நிற்கும், வீட்டுக்காரரும் நிழலில் நின்று யோசிப்பார். மேற்கே நிற்கிற வேம்பைத் தறித்துவிட்டுப் பின்னேர வெயிலுக்குக் குளிரூட்டி வாங்குவதில் என்ன நியாயம்? வீட்டுப் படத்தை ஐந்தடி தள்ளிக் கீறினால் வேம்பும் தப்பும் வீடும் குளிரும். அத்திவாரத்துக்கு ஆகாது என்று நான் விடாப்பிடியாக எடுக்கச் சொல்வது ஆலையும் அரசையும்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகு பெக்கோ வரலாம். வந்தாலும் நான் பக்கத்தில் நிற்பேன். எங்கள் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. இணுவில், மருதனார்மடத்துத் தோட்டக் காணிகளில் ஆழமாக இருக்கும், கரைப்பக்கம் போகப் போக முழங்கைக்கும் காணாது. மணித்தியாலக் கூலிக்கு ஓடுகிறவர் பற்றையைச் செம்மண்ணோடு சேர்த்து வழித்து மூலையில் குவிப்பார், அங்கிருந்து ரிப்பர் ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு முருங்கை நடக் கல்லைத்தான் கிண்ட வேண்டும். மழைத் தண்ணீர் வடிந்து கிணற்றுக்குப் போவதும் இந்த மண்ணுக்குள்ளால்தான். கல்லில் வெடிப்புகள் உண்டு, மலசலகூடக் குழியின் அழுக்கும் அதே வழியால் போகும். சீதனத்துக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பாய்ச் சுருங்கிய காணியில், எங்கள் குழிக்கும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பதை மரம் வெட்ட முதலே நடந்து பார்க்க வேண்டும்.

கூலியைப் பற்றியும் கேட்பார்கள். மீள்குடியேறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த ஆரம்பக் கொடுப்பனவு 38,000 ரூபா. காணி வெளித்து, கொட்டிலும் போட அது காணவே காணாது. அந்தக் குடும்பங்களோடு நாங்கள் விறகைப் பங்குபோட்டுக் கூலியைக் குறைத்துக்கொண்டோம்.

பலாலிப் பக்கத்தில் இன்னும் விடுபடாத காணிக்காரர் ஒருவர் சந்தைக்கு மரக்கறி கொண்டு வருவார். என்னைக் காணும் போதெல்லாம், "இப்ப பரப்புக்கு எவ்வளவு போகுது?" என்று கேட்பார். கடைசியாகக் கேட்டபோது சொன்னேன்: "கூலியைப் பிறகு பேசுவம் அண்ணை. உறுதியின்ர பிரதியைக் காணிப் பதிவகத்தில எடுத்து வையுங்கோ. வேலியில என்ன மரம் நிண்டது, படலையில இருந்து கிணறு எத்தினை எட்டு, எல்லாத்தையும் அம்மாட்டைக் கேட்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. அவ இருக்கேக்கையே கேளுங்கோ."